பதக்கப் பட்டியலில் நீங்கள் வெட்டிய பத்தி

ஆறாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கும், இப்போது பாராட்டு விழாக் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு நாற்காலி பிடித்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டும் நீங்களேதான் என்பதால் ஒரே நகல் போதும்.

புத்தூரிலிருந்து நகரி போகும் சாலையில் நீங்கள் கட்டியிருக்கும் பேனரைப் பார்த்தேன். பேருந்து நின்ற நேரத்தில் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கடற்படையில் கமாண்டோவாக இருந்து கமோடோர் பதவியில் ஓய்வு பெற்றவரை 'மேஜர்' என்று போட்டிருக்கிறீர்கள். அது தரைப்படைப் பதவி. வாழ்நாளில் பாதியைத் தண்ணீருக்கு அடியில் கழித்தவருக்குப் பின்னால் போர் விமானம் பறக்கிறது. உங்கள் குழுத் தலைவரின் படத்தை அவர் பார்த்தபடி நிற்க வேண்டும் என்பதற்காக அவர் படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறீர்கள். இடது மார்பில் இருந்த பதக்கமெல்லாம் வலது மார்புக்குப் போய்விட்டது. வலது மார்பில் குத்திக்கொள்வது செத்துப்போன வீரரின் வீட்டார். ஆளைச் சாகடித்துவிட்டு மாலை வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

பதக்கங்களில் எதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள் தெரியுமா? சுதந்திரப் பொன்விழாப் பதக்கம். அந்த வருஷம் படையில் சம்பளம் வாங்கிய எல்லாருக்கும், சமையல்காரர் உட்பட, கொடுத்தது அது. வீரத்துக்காகக் கடற்படையில் கொடுத்த நவ சேனா பதக்கம் பேனரின் மூலையில், பிரிண்டிங் கடைக்காரனின் செல் நம்பருக்கு மேலே இருக்கிறது.

நான் கிளைத் தபால் அலுவலகத்தில் தினமும் காலையில் தேதி முத்திரையைத் திருப்பி வைக்கிறவள். உங்கள் கல்யாண நாள் உங்களுக்கே மறந்தால் எனக்குத்தான் போன் செய்கிறீர்கள். அதனால்தான் விழா மலருக்கு அவருடைய பணியையும் பதக்கங்களையும் இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். அரசாணைகளைத் தேடிப் படித்து, தேதி வாரியாக எழுதித் தந்தேன். திருப்பதியில் கல்லூரிப் படிப்பு. கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பாதியில் திரும்பிவிடும் கமாண்டோ பயிற்சியை முடித்து, கத்தியும் நங்கூரமும் சேர்ந்த சின்னத்தை வாங்கியது. அப்புறம் பல வருஷம் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று அரசாங்கமும் எழுதவில்லை, அவரும் சொல்லவில்லை. கவிழ்ந்து மூழ்கிய படகுக்குள் இருட்டில் கையால் தடவித் தேடி, உயிரோடு இருந்த இரண்டு பேரை வெளியே கொண்டுவந்ததற்கு நவ சேனா பதக்கம். காயம் பட்டதற்கு ஒன்று. ஒரு கமாண்டோ பிரிவுக்குத் தலைமை. கடைசியில் சிறந்த பணிக்காக விசிஷ்ட சேவா பதக்கம்.

இதையெல்லாம் அச்சுக்கு அனுப்பிவிட்டு, கடைசிப் பத்தியை மட்டும் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினீர்கள். அன்று சாயங்காலமே குழுத் தலைவர் போன் செய்தார். கல் குவாரி வைத்திருக்கிற, என் சித்தப்பா மகன்தான் அவர்.

"இன்னாக்கா நீ, பெரிய மனுசன் ஊருக்கு வந்துகினு கீறாரு. இப்ப போயி அந்தக் கெணத்துக் கதைய எழுதிகினு..."

"நடந்துதா இல்லையாடா?"

"நடந்துது. நடந்துதுன்னு புக்குல போடுவாங்களா? உங்க நைனா பேரும்தான் கெட்டுப்போவும், எங்க நைனா பேரும்தான். ரெண்டு பேரும் செத்து சாமியா கீறாங்க."

"முங்குனவரு இன்னும் உசுரோட கீறாரே."

"அந்தாளுக்கு இன்னாக்கா தெரியப்போவுது? காதும் கேக்காது."

அவனுக்குச் சொல்ல வேண்டியதை அப்போது சொல்லவில்லை. இங்கே எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நீங்கள் வெட்டிய பத்தியைவிட இது நீளம்.

நமக்குப் பதினோரு வயது. பெரிய லீவு. திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை நடக்கும் வாரம். நம் பக்கத்து ஆட்களும் பஸ் ஏறிப் போய் வேஷம் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சுண்ணாம்பும் கரியுமாகத் திரும்பி வருவார்கள். பஸ்ஸில் பைராகிச் சாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டியிருக்கும். இறங்கும்போதுதான் அது நம் டெய்லர் என்று தெரியும். வீட்டுக்கு வீடு வேஷக்காரர்களுக்குக் கையில் சில்லறை போடுவோம்.

நான் அப்போது தினக்காலண்டர் தாளைக் கிழித்து எறியாமல் சேர்த்துவைப்பேன். பின்பக்கம் அன்று நடந்ததைப் பென்சிலில் எழுதுவேன். அந்த வாரத்துத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. மங்கலாக இருந்தாலும் படிக்க முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அத்தை, என் அப்பாவான நைனாவின் அக்கா, எங்கள் கிணற்றில் கையால் தண்ணீர் இறைத்தார். கயிற்றை இழுக்கக் குனிந்தபோது கழுத்தைத் தடவிப் பார்த்தார். செயின் இல்லை. கிணற்றில் விழுந்துவிட்டது என்று அலறினார். எங்கே விழுந்தது என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கண்ணெதிரே கிணறு இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கிணற்றுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்கள். பேனரில் இருப்பவருடைய அப்பா. நம் ஊரில் எந்தக் கிணற்றில் எது விழுந்தாலும் முங்கி எடுப்பவர். செம்பு, வாளி, ஆடு, மனிதர். அவர் தெருக்காரர்கள் எங்கள் கிணறுகளில் இறங்கலாம், பொருளோ பிணமோ விழுந்திருந்தால். நீந்துவதற்கு இறங்கக் கூடாது. ஆகவே 'நம்ம ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகிய நாயகன்' என்று பேனரில் நீங்கள் எழுதியிருப்பது பொய். அவர் நீச்சல் பழகியது ஏரியில். எருமைகளோடு.

முங்கி எடுப்பதற்கு நம் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், மறந்த மாதிரி இருக்கிறீர்கள். மேலே வந்ததும் அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். நகை விழுந்தால் மட்டுமல்ல, குடம் விழுந்தாலும் அதேதான். குடத்தை ஒருவர் வாயில் அடக்கிக்கொண்டு வர முடியுமா என்று நம் பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இவர்கள்தான் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்னவர்கள்.

அன்று அவர் மூன்று தடவை முங்கினார். மூன்று தடவையும் வாயைக் காட்டினார்.

"கெணத்துல இல்ல, சாமி."

"அப்ப எங்கடா பூடுச்சி? மீனு துன்னுடுச்சா?" என்றார் நைனா.

"இருந்தா கையில மாட்டியிருக்கும், சாமி. தரை பூரா தடவிட்டேன்."

"வியாழக்கெழமைக்குள்ள செயினு வரணும். இல்லன்னா ஸ்டேஷன்ல உட்டுடுவேன்."

சித்தப்பா பக்கத்திலிருந்து சிரித்தார். "ஸ்டேஷன்ல உட்டா தன்னால தொறப்பான், வாயிலேர்ந்து வவுறு வரைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாளில் எழுதியிருக்கிறேன்: 'சித்தப்பா ஜோக் சொன்னாங்க.'

புதன்கிழமை மத்தியானம் திருப்பதி பஸ்ஸிலிருந்து மகன் இறங்கினார். பயிற்சி முடிந்து முதல் லீவு. கல்லூரியில் ஏதோ விழாவுக்குக் கூப்பிட்டிருந்ததால் சீருடையோடு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தோளில் தங்கக் கோடு, பாக்கெட்டுக்கு மேலே பெயர்ப் பட்டை, கறுகறுவென்று தாடி. நம்மில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. கடற்படையை எங்கே பார்ப்பது? ஜாத்திரை வாரத்தில் வெள்ளை உடுப்பும் தாடியுமாக ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கினால் என்ன நினைப்போமோ அதைத்தான் நினைத்தோம். பஸ்ஸில் ஒரு கிழவர் அவர் கையில் நாலணாவைத் திணித்து, கங்கம்மா பேரைச் சொல்லிக் கும்பிட்டாராம். எங்கள் வாசலில் நின்றபோது அத்தை உள்ளே போய்ச் சில்லறை எடுத்து வந்தார்.

"தொர வேஷம் நல்லாத்தான் கீது. யாரு புள்ளப்பா நீ?"

"கிணத்துல முங்குறவரு புள்ளைங்க. சாரைப் பாக்கணும்."

'சாமி' என்று சொல்லவில்லை. 'சார்' என்றார். நைனாவுக்கு அது போதும்.

"முங்குறவன் மவன் தொர வேஷம் கட்டிகினு வந்துகீறான், பாருங்கடா" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். "இன்னாடா, உங்கப்பன் முங்குனான், செயின அமுக்கிட்டான். நீ இன்னாத்துக்கு வந்த?"

"அப்பா இல்லன்னு சொன்னா இல்லதான் சார். நானும் ஒரு தடவ எறங்கிப் பாக்குறேன். ஊரு முன்னாடியே பாக்குறேன். அப்பால ஸ்டேஷன் பேச்சு வேணாம்."

கிணற்று மேட்டில் ஊர் கூடிவிட்டது. நீங்களும் இருந்தீர்கள், புளியமரத்துக் கிளையில் யார் யார் தொங்கினீர்கள் என்று தாளில் எழுதியிருக்கிறேன், கேட்டால் படித்துக் காட்டுகிறேன். அவர் மோட்டார் ரூம் வாசலில் நின்று சீருடையைக் கழற்றினார். சட்டையின் கையை உள்ளே மடித்து, காலரை நிமிர்த்தி, நான்காக மடித்தார். அவ்வளவு கவனமாக ஒரு ஆண் துணி மடித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வைக்க இடம் தேடினார். தரையெல்லாம் கிரீஸ். அவருடைய அப்பா கையை நீட்டினார். கடைசி வரை அவர்தான் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார், ஈரம் படாமல்.

மகன் நிக்கரோடு இறங்கினார். படியில் இறங்கும்போதே பாசி வாசனை கலங்கி மேலே வந்தது. முங்கினார். நான் எண்ண ஆரம்பித்தேன். நூறு வந்தது. நூறுக்கு மேல் எண்ணத் தெரியும், ஆனால் பயத்தில் நிறுத்திவிட்டேன். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டார். "செத்துப் பூட்டானா பாரு, கெணத்துத் தண்ணிய மாத்தணும்" என்றார் நைனா. அவர் கவலை அது.

மேலே வந்தார். கையில் ஒரு வாளிக் கொண்டி. படியில் வைத்துவிட்டு மறுபடி முங்கினார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது வந்தது. நசுங்கிய செப்புக் குடம், ராட்டினத்தின் இரும்புச் சக்கரம், ஒற்றைக் கொலுசு, பித்தளை டம்ளர். எல்லாவற்றையும் படியில் வரிசையாக வைத்தார். ஐந்தாவதாக வந்தது ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். துருப்பிடித்திருந்தது. மூடியில் ஆணியால் கீறிய என் பெயர் இருந்தது.

அந்த பாக்ஸைக் கிணற்று மேட்டில் விளையாடும்போது நானேதான் தவறவிட்டிருக்க வேண்டும். ஆனால் வகுப்பில் வேறு மாதிரி சொல்லியிருந்தேன். கிணற்றுக்காரர் தெருப் பெண் ஒருத்தி எடுத்துவிட்டாள் என்று. டீச்சர் அவளை வெயிலில் முட்டி போட வைத்தார். இரண்டு நாளில் அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் பெரியவர்களை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை.

"இவ்ளோதான் சார் கீது" என்றார் மகன், படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. "கொலுசு வந்துது, டம்ளர் வந்துது. செயினு இருந்தா அதுவும் வந்திருக்கும்."

படியில் கிடந்த சாமான்களைப் பார்த்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். நைனாவுக்கும் புரிந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். புரிந்ததால்தான் அப்படிச் சொன்னார்.

"வாயைக் காட்டு."

மகன் அவருடைய அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா மடித்த சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வியாழக்கிழமை. இவருக்கு லீவு முடிந்ததும் ரயில். அப்பா இங்கேயே இருக்க வேண்டியவர். அந்தக் கணக்கை அவர் போட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நான் எண்ணவில்லை. வாயைத் திறந்தார்.

சித்தப்பா வீட்டுக்குள் ஓடிப்போய் டார்ச் கொண்டுவந்தார். மத்தியான வெயில், மண்டை பிளக்கிறது, இவர் டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறார்.

"நாக்கத் தூக்கு. இன்னும். அந்தப் பக்கம்."

தூக்கினார். தண்ணீர் தாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லண்ணா" என்றார் சித்தப்பா, ஏமாற்றத்தோடு.

மகன் துவட்டிக்கொண்டு, சீருடையை ஒவ்வொன்றாகப் போட்டு, பொத்தான்களைச் சரிபார்த்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திருப்பதிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கிணற்றுக்காரர் நம் ஊரில் இருக்கவில்லை. நான் என் பாக்ஸை எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

இதுவரை உங்களுக்கும் தெரியும். இனி எழுதப்போவது, போன சனிக்கிழமை வரை, உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை. அத்தை எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்ட உட்கார வைத்தார். சீயக்காய் டப்பாவைத் திறந்து கையை விட்டார். கை அப்படியே நின்றது. பிறகு தூளோடு செயின் வெளியே வந்தது, பழுப்பு மாவு ஒட்டிக்கொண்டு. போன வெள்ளிக்கிழமை குளிக்கும்போது கழற்றி அதில் போட்டவர் அவரேதான்.

"கண்ண மூடு" என்றார்.

"அத்த, செயினு."

"கண்ண மூடுன்னேன். சீக்கா எரியும்."

தலையில் சீயக்காயோடு என்னை அப்படியே விட்டுவிட்டு நைனாவிடம் ஓடினார். எரிந்தது. ஆனால் காது கேட்டது.

"கெடச்சிடுச்சிடா. டப்பாவுல கீது. அந்தாளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடலாமா?"

"இன்னான்னு சொல்லுவ? நாங்க தப்பு, நீ மன்னிச்சிக்கோன்னா? மிலிட்டரிக்காரன் வாயில டார்ச் அடிச்சிட்டு இப்ப போயி டப்பாவுல கீதுன்னா, ஊரே மூஞ்சில துப்பும்."

"அப்ப?"

"ஸ்டேஷனுக்கு பயந்துகினு காம்பவுண்டுக்குள்ள வீசிட்டுப் பூட்டான்னு சொல்லு."

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. இல்லாததை எடுக்காதவர் திருடன் என்பதற்கு, அது கிடைத்ததே சாட்சியாகிவிட்டது. எனக்குப் பச்சைப் பாவாடைத் துணி கிடைத்தது. தாளில் இருப்பது: 'செயின் கெடச்சது. சீயக்கா டப்பா. யார்கிட்டயும் சொல்லக்கூடாது.' சொல்லவில்லை. அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நைனா பொய் சொல்ல ஒரு நிமிஷம் பிடித்தது. நான் அதைப் பாதுகாக்க அரை ஆயுளைச் செலவழித்திருக்கிறேன், தேதி போட்டு.

சித்தப்பா டீக்கடையில் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மிலிட்டரி ஆபீசர் வாயையே தொறந்து பாத்தவன் நானு." நவ சேனா பதக்கம் செய்தி பேப்பரில் வந்ததும் கதை மாறியது: "எங்க கெணத்துலதான் அவன் நீச்சல் கத்துகினான்." அந்த இரண்டாவது கதைதான் இப்போது உங்கள் பேனரில் இருக்கிறது. எழுதியது யார் மகன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை காலை, பட்டியலைச் சரிபார்க்க வேண்டும் என்ற சாக்கில் திருப்பதியில் அவர் வீட்டுக்குப் போனேன். தாடி வெளுத்துவிட்டது. பட்டியலைக் கண்ணாடி போட்டுப் படித்து, பதக்க வரிசையில் ஒரு இடத்தைத் திருத்தினார். குழு அவரை முழுச் சீருடையில், எல்லாப் பதக்கத்தோடும் வரச் சொல்லியிருந்ததாம்.

"ஓய்வு வாங்குனவன் நினைச்சப்பல்லாம் அத மாட்டிகினு சுத்தக் கூடாதும்மா. உங்க ஊருக்காரங்களுக்கு மறுபடி வேஷம் பாக்கணுமா?" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஜன்னலோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அப்பா இருந்தார். தொண்ணூறை நெருங்குகிறவர். எனக்கு அவரைச் சின்ன வயதில் 'வா, போ' என்றே பழக்கம். அன்று 'ஐயா' என்று கூப்பிட முதல் தடவை நாக்கு திரும்பவில்லை. நான் யார் மகள் என்று மகன் அவர் காதில் உரக்கச் சொன்னார். கிழவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"பாப்பா. செயினு கெடச்சிதுன்னு சொன்னாங்க. நான் வீசிட்டேன்னாங்க."

"ஆமாங்க ஐயா."

"கெணத்துல இல்ல. அது எனக்குத் தெரியும். சொவரு ஓரமா ஆரம்பிச்சி, சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவேன். ஒரு சாண் உடமாட்டேன். அது இல்லன்னா இல்ல." விரலால் நாற்காலிக் கைப்பிடியில் வட்டம் போட்டுக் காட்டினார். "அப்ப எங்கம்மா இருந்துது?"

மகன் திருத்திக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார்.

இத்தனை வருஷமாக அவரைத் தொந்தரவு செய்தது திருட்டுப் பட்டம்கூட இல்லை போலிருக்கிறது. தேடிய இடத்தில் எதையாவது விட்டுவிட்டோமோ என்பதுதான். நான் பையிலிருந்து வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. காதருகே குனிந்து சொன்னேன்.

"சீயக்கா டப்பாவுல ஐயா. அத்தையே போட்டு வெச்சிருந்தாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எதுல?"

"சீயக்கா டப்பாவுல."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? நான் சொன்னேன்ல?"

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் விழா மேடையில் என்னைக் கூப்பிட்டால் இதைத்தான் படிப்பேன். கூப்பிடாவிட்டால் கீழே நின்று படிப்பேன். கூட்டத்துக்கு எப்படியும் மைக் தேவைப்படாது. வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

அன்று, மகனிடம் அப்படிச் சொல்லிவிட்டுக் கிழவர் சிரித்தார். முதலில் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து வாயை முழுக்கத் திறந்து சிரித்தார். நான் பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. பல்கூட இல்லை.